துத்தநாகம்: சொல்லும் புண்ணும்

மருந்துக்கடையில் 'ஜிங்க் மாத்திரை' என்றும், உரக்கடையில் 'ஜிங்க் சல்பேட்' என்றும் கேட்டு வாங்குகிறோம். தமிழகப் பாடநூலில் அதுவே துத்தநாகம். இலங்கைப் பாடநூலில் வெறும் நாகம். அணு எண் 30 கொண்ட ஒரே உலோகத்துக்குத்தான் இத்தனை பெயர்.

துத்தநாகத்தைப் பிரித்தால் துத்தம், நாகம் என்று இரண்டு சொற்கள். துத்தம் உலோக உப்பைக் குறிக்கும். சுண்ணாம்போடு சேர்த்துப் பயிர்களின் பூஞ்சை நோய்க்குப் போர்டோ கலவை தயாரிக்கிற நீலக்கட்டி மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட். வெள்ளையாக இருக்கும் துத்தநாக சல்பேட்டைச் சித்த மருத்துவர்கள் பால்துத்தம் என்பார்கள். வடமொழியின் 'துத்த', பாரசீக, அரபு மொழிகளின் 'தூதியா', ஆங்கிலத்தின் 'டட்டி' எல்லாம் உறவுக்காரச் சொற்கள். தூதியா என்பது பெரும்பாலும் உலைச் சுவரில் படியும் துத்தநாக ஆக்சைடுப் பொடி. கண்நோய்க்கு அது பேர்போன மருந்து. பின்னாளில் போர்த்துகீசியரும் ஆங்கிலேயரும் நம் கரைகளில் கேட்ட துத்தநாகத்தை 'டூட்டனேக்' என்று கப்பல் கணக்கில் எழுதினார்கள். அதே பெயரைச் சீனத்து நிக்கல் கலப்புலோகத்துக்கும் வைத்துக் குழப்பியது தனிக்கதை.

நாகம்தான் கவனிக்க வேண்டிய பாதி. பாம்புக்கு இங்கே வேலை இல்லை. வடமொழி மருத்துவ நூல்களில் நாகம் என்றால் ஈயம். துத்தநாகத்துக்கு அங்கே யசதம் என்று பெயர், இந்தியில் ஜஸ்தா. தமிழ்ச் சித்த மருத்துவத்திலோ நாகம் என்றாலே துத்தநாகம். ஆகவே சித்தத்தின் நாக பற்பம் (புடமிட்டு நீறாக்கிய மருந்து) துத்தநாகச் சரக்கு, ஆயுர்வேதத்தின் நாக பஸ்மம் ஈயச் சரக்கு. ஈயம் நஞ்சு என்பதால் இதை வெறும் சொற்சண்டை என்று தள்ளிவிட முடியாது. பொது எழுத்தில் துத்தநாகம் என்று முழுமையாக எழுதுவதே சரி என்பேன். நாகம் சுருக்கமாக இருக்கலாம். மருந்துச் சீட்டில் அந்தச் சுருக்கம் வேண்டாம்.

'ஜிங்க்' ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டில் பரவிய பெயர். உலையில் உறையும்போது கூர்கூராக நிற்பதால் 'முள், பல்' எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே ராஜஸ்தானின் உதய்ப்பூர் பக்கம் சாவரில் இதைப் பெருமளவில் வடித்தெடுத்தார்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும் என்பதால், கத்தரிக்காய் வடிவக் களிமண் குடுவையைக் கவிழ்த்து வைத்து, ஆவியைக் கீழே இறக்கிக் குளிர்வித்தார்கள்.

இனி புண்ணுக்கு வருவோம். நம் உடம்பில் இருப்பது மொத்தம் 2 முதல் 3 கிராம் துத்தநாகம்தான். அதில் ஏறத்தாழ 5 சதவீதம் தோலில். 300-க்கும் மேற்பட்ட நொதிகளுக்கு அது தேவை. தோல் கிழிந்தால் விளிம்பிலுள்ள செல்கள் பெருகி, நகர்ந்து வந்து இடைவெளியை மூட வேண்டும். பெருகுவதற்கு டி.என்.ஏ. நகலெடுக்கும் நொதிகள் வேண்டும். நகர்வதற்கு வழியில் கிடக்கும் சேதமான கொலாஜன் என்ற புரத நாரை வெட்டி அகற்றும் நொதிகள் வேண்டும். இரண்டு வேலைக்கும் துத்தநாகம் உண்டு. அந்தக் கொலாஜன் வெட்டியை 1962-இல் முதலில் கண்டது தலைப்பிரட்டையின் வாலில். தவளையாகும்போது வால் கரைந்து மறைகிறதே, அந்த வேலையைச் செய்வது அதுதான்.

குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறவிக் கோளாறு ஒன்று பளிச்சென்று காட்டுகிறது. குடல் துத்தநாகத்தை உறிஞ்சாத குழந்தைகளுக்கு வாயைச் சுற்றியும் ஆசனவாய், விரல்களிலும் ஆறாத புண்கள் வரும். 1970-களில் துத்தநாகம் கொடுத்துப் பார்த்தபோது சில நாட்களிலேயே தோல் தேறத் தொடங்கியது.

அப்படியானால் புண் வந்தவர் எல்லோரும் மாத்திரை போடலாமா? 1967-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுதான் அந்த ஆசையைக் கிளப்பியது. வாலெலும்பருகே அறுவை செய்துகொண்ட விமானப்படை இளைஞர்களுக்குத் தினம் 3 வேளை 220 மி.கி. துத்தநாக சல்பேட் கொடுத்தார்கள். புண் மூட அவர்களுக்குச் சுமார் 46 நாள், கொடுக்காதவர்களுக்கு 80 நாள். ஆனால் சிறிய ஆய்வு அது. பிறகு நாள்பட்ட கால்புண்களில் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாய்வழித் துத்தநாகத்தால் பொதுவான பயன் தெரியவில்லை. ஏற்கெனவே குறைபாடு உள்ளவருக்கு மாத்திரை உதவும், மற்றவருக்கு வீண்செலவு.

இந்தியாவில் குறைபாட்டுக்கு ஒரு காரணம் தட்டிலேயே இருக்கிறது. தானியத்திலும் பருப்பிலும் இயல்பாகவே உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு குடலுக்கு விடாது. அதனால்தான் 2020-இல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆண்களுக்குத் தினம் 17 மி.கி. துத்தநாகம் வேண்டும் என்று வைத்திருக்கிறது, அமெரிக்காவில் 11 மி.கி. போதும். மாவைப் புளிக்கவைப்பதும் பயறை முளைகட்டுவதும் ஃபைட்டேட்டைக் குறைக்கும். இறைச்சி, முட்டை சாப்பிடுபவருக்கு இந்தக் கவலை குறைவு.

220 மி.கி. சல்பேட்டில் உண்மையான துத்தநாகம் சுமார் 50 மி.கி. தான், அட்டையில் எந்த எண் போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் அதிகமாக விழுங்கினால் குடலில் தாமிரம் உறிஞ்சப்படுவது தடைபட்டு, இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரலாம்.