அடுப்பு விடும் ஜில் காற்று

போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேசியாவில், எங்கள் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கனடாவின் கல்கரியில் இருக்கும் அண்ணியுடன் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே கோடை.

"ஃபர்னஸ் ஓடிக்கிட்டே இருக்கு தம்பி, ஆனா ஜில்லுன்னு காத்து வருது. வெயில் காலத்துலயும் கேஸ் எரியுதா என்ன? அடியில இருக்கிற குழாயில தண்ணி வேற சொட்டுது."

ஜனவரியில் எங்களுக்கு வியர்த்துக் கொட்டியபோது அவரிடமிருந்து அடுத்த சந்தேகம் வந்தது. "இப்பவும் தண்ணி சொட்டுது. அதோட ஃபர்னஸ் பாதி வேகத்துலயே ஓடுது. ரிப்பேரான்னு கேட்டா, 'இது டூ ஸ்டேஜ், அப்படித்தான்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

கேஸை எரித்து வீடு முழுவதற்கும் சூடான காற்றை ஊதும் பெட்டிதான் ஃபர்னஸ். எங்கள் ஊரில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. இங்கே பெரும்பாலான வீடுகளில் வீடு முழுவதற்குமான வெப்ப வசதி கிடையாது. 2012 ஆகஸ்டிலும் 2023 ஜூலையிலும் ஜோகன்னஸ்பர்க்கில் பனி விழுந்தபோது கூட, சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டரை அறைக்கு அறை தள்ளிக்கொண்டுதான் சமாளித்தோம். அதன் பின்பக்கம் 9 கிலோ சிலிண்டர், முன்பக்கம் செந்நிறமாகக் கனலும் மூன்று பேனல்கள். புகைபோக்கி இல்லை. எரிந்து முடிந்த வாயு எல்லாம் நாம் உட்கார்ந்திருக்கும் அறைக்குள்ளேயே கலக்கும்.

அதில் நீராவியும் உண்டு. கேஸில் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தான் உண்டாகும். கணக்குப் போட்டால், ஒரு 9 கிலோ சிலிண்டர் காலியாகும்போது ஏறக்குறைய 14 லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வந்திருக்கும். குளிர்காலக் காலையில் ஜன்னல் கண்ணாடி அழுவதும், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடிப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஃபர்னஸ் இந்த விஷயத்தில் கறாரானது. நெருப்பு தொட்ட காற்று வேறு, வீட்டுக்குள் வரும் காற்று வேறு. இரண்டுக்கும் நடுவே வெப்பமாற்றி என்ற உலோகக் கூடு இருக்கிறது. உள்ளே சூடான புகை போகும், வெளியே வீட்டுக்காற்று அதன் மேல் உரசிக்கொண்டு போகும். வெப்பம் மட்டும் சுவரைத் தாண்டும்.

சரி, அது எப்படிப் பற்றிக்கொள்கிறது? சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் "குளிர்கிறது" என்று 24 வோல்ட் கம்பி வழியாகச் சேதி சொல்லும். உடனே நெருப்பு வராது. முதலில் ஒரு சின்ன விசிறி சுழன்று, உள்ளே தங்கியிருக்கும் பழைய வாயுவை வெளியே இழுக்கும். இழுவை சரியாக இருக்கிறதா என்று ஓர் அழுத்த சுவிட்ச் சாட்சி சொல்ல வேண்டும். புகைக்குழாயைப் பனிக்கட்டியோ குருவிக்கூடோ அடைத்திருந்தால் சாட்சி வராது, எல்லாம் அதோடு நின்றுவிடும். சாட்சி வந்தால், பற்றவைக்கும் துண்டு ஒன்று மின்சாரத்தில் பழுக்கக் காயும். அதற்கு அப்புறம்தான் கேஸ் வால்வு திறக்கும்.

திறந்த கேஸ் உண்மையிலேயே பற்றிக்கொண்டதா என்று எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தீச்சுடருக்குள் ஒரு மெல்லிய உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். சுடருக்குள் மின்னேற்றம் பெற்ற துகள்கள் இருப்பதால் அதன் வழியே மின்சாரம் கொஞ்சம் பாயும். குச்சி சிறியது, எதிர்முனையான பர்னர் பெரியது. அதனால் இரு திசையிலும் மாறி மாறிப் பாய வேண்டிய மின்சாரம், சுடருக்குள் ஏறக்குறைய ஒரே திசையில்தான் போகும். கண்ட்ரோல் போர்டு தேடுவது அந்த ஒருதிசை மின்சாரத்தை. அளவு சில மைக்ரோ ஆம்பியர்தான். ஆனால் ஈரமோ, எங்கேயோ உரசும் கம்பியோ இதைப் போல நடிக்க முடியாது. நெருப்பு மட்டுமே அப்படி நடந்துகொள்ளும். சில நொடிகளுக்குள் இந்த அடையாளம் கிடைக்காவிட்டால் வால்வு மூடிவிடும். குச்சியில் வெள்ளையாக ஒரு படிவம் ஏறினாலே சுடர் தெரியாமல் போய்விடும். நடுக்குளிரில் "எரியுது, உடனே அணைஞ்சிடுது" என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

நெருப்பு வந்த பிறகும் வீட்டுக்குள் காற்று அடிக்கும் பெரிய ப்ளோயர் அரை நிமிடம் போலக் காத்திருக்கும். இல்லாவிட்டால் முகத்தில் குளிர்காற்று அடிக்கும். அதேபோல் நெருப்பு அணைந்த பிறகும், கூட்டில் மிச்சம் இருக்கும் சூட்டை வழித்தெடுக்க ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக ஓடும்.

இப்போது அந்த 'டூ ஸ்டேஜ்', அதாவது இரண்டு நிலைகளுக்கு வருவோம். நம் கேஸ் அடுப்பில் சிம், ஃபுல் என்று வைப்பது போலத்தான். ஃபர்னஸ் வாங்கும்போது அந்த ஊரின் மிக மோசமான இரவுக்குக் கணக்குப் பார்த்து வாங்குவார்கள். கல்கரியில் மைனஸ் 30 வரை இறங்கும் இரவுகள் உண்டு. ஆனால் வருடத்தில் அப்படிப்பட்ட இரவுகள் சிலவே. மற்ற நாட்களில் ஒற்றை வேக ஃபர்னஸ் தடாலென்று எரிந்து, ஐந்து நிமிடத்தில் வீட்டைச் சுட வைத்து அணைந்துவிடும். வீடு ஆறும், மறுபடி தடால். முன்னறை வேகும், மூலையறை நடுங்கும். சிம்மில் நீண்ட நேரம் எரிந்தால் காற்று மெதுவாக எல்லா அறைக்கும் போய்ச் சேரும், சத்தமும் குறையும். அண்ணி 'பாதி வேகம்' என்று பயந்தது, பெட்டி ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம்.

பாதி வேகம் என்பதும் சரியில்லை. இயற்கை எரிவாயு ஃபர்னஸில் பர்னருக்குப் போகும் அழுத்தம், முழு வேகத்தில் வழக்கமாக 3.5 அங்குல நீர் உயரம். ஒரு டம்ளர் தண்ணீர் தன் அடிப்பாகத்தில் கொடுக்கும் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். சிம்மில் வால்வு அதை 1.7 அங்குலம் அளவுக்குக் குறைக்கும். அழுத்தம் பாதியானால் நெருப்பும் பாதியாகும் என்று தோன்றும். ஆனால் சின்னத் துளை வழியே பாயும் வாயுவின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. 1.7-ஐ 3.5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.7. ஆக, அழுத்தம் பாதியாகியும் நெருப்பு 70 சதவீதம் இருக்கிறது. இழுவை விசிறியும் ப்ளோயரும் அதற்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிம்மில் வீடு சூடாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட் இரண்டாவது கம்பியில் கூப்பிடும், வால்வு முழுதாகத் திறக்கும். பழைய தெர்மோஸ்டாட்டில் அந்த இரண்டாவது கம்பி இருக்காது. அங்கே கண்ட்ரோல் போர்டே நேரம் பார்த்து, பத்துப் பன்னிரண்டு நிமிடம் போலப் பொறுத்துவிட்டு ஃபுல்லுக்குப் போய்விடும்.

பனிக்காலத்தில் சொட்டும் தண்ணீர், நான் மேலே சொன்ன அதே நெருப்புத் தண்ணீர். ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2.25 கிலோ தண்ணீர் உண்டாகும். பழைய ஃபர்னஸில் அது ஆவியாகவே புகைபோக்கியில் போய்விடும். புதிய வகையில் இரண்டாவதாக ஒரு வெப்பமாற்றி உண்டு. புகையை 55 டிகிரிக்கும் கீழே அது குளிரவைக்கும்போது ஆவி தண்ணீராக மாறும், மாறும்போது தன் உள்வெப்பத்தையும் கொடுத்துவிட்டுப் போகும். கேஸின் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குக் கிடைப்பது இதனால்தான். மிஞ்சும் புகை அவ்வளவு ஆறிவிடுவதால் பிளாஸ்டிக் குழாயிலேயே வெளியே விடலாம். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் அமிலத்தன்மை இருக்கும், செடிக்கு ஊற்ற வேண்டாம்.

கோடைக்கு வந்தால் கதை மாறுகிறது. கேஸ் வால்வுக்குச் சேதியே போகாது, அது மூடியே கிடக்கும். தெர்மோஸ்டாட் இப்போது இருவரைக் கூப்பிடும்: வீட்டுக்கு வெளியே நிற்கும் கம்ப்ரசர், ஃபர்னஸுக்குள் இருக்கும் ப்ளோயர். ஃபர்னஸுக்கு மேலே, காற்று போகும் பெரிய குழாயான டக்டுக்குள், கூரை வடிவத்தில் 'காயில்' என்ற குழாய்ச் சுருள் உட்கார்ந்திருக்கும். அதற்குள் குளிர்பதன திரவம் ஆவியாகி, மேலே போகும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சும். வெளியே இருக்கும் பெட்டியில் அது மறுபடி திரவமாகி வெப்பத்தைத் தெருவில் கொட்டும். வீட்டுக்காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த காயிலில் படிந்து, வழக்கமாக அதே வடிகாலுக்குத்தான் இறங்கும். ஆக ஒரே குழாயில் பனிக்காலத்தில் நெருப்பின் தண்ணீர், கோடையில் காற்றின் தண்ணீர். ஃபர்னஸ் இங்கே வெறும் ஃபேன் பெட்டி. அடுப்பு தூங்குகிறது, ஊதுகுழல் மட்டும் விழித்திருக்கிறது.

குளிர்விக்கும்போது ப்ளோயர் பொதுவாக அதிக வேகத்தில் ஓடும். சூடாக்கும்போது காற்றின் வெப்பம் ஒரே சுற்றில் 20, 30 டிகிரி ஏறும். குளிர்விக்கும்போது பத்து டிகிரி இறங்கினால் அதிகம், அதனால் அளவு கூடுதலாக வேண்டும். ஒரு டன் ஏசிக்கு மணிக்கு சுமார் 680 கன மீட்டர் காற்று என்பது பொதுக் கணக்கு. ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்று குறைந்தால் கோடையில் காயில் பனிக்கட்டியாக உறையும், பனிக்காலத்தில் கூடு அளவுக்கு மீறிச் சுட்டு, பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை அணைக்கும். இரண்டு நோய்க்கும் ஃபில்டரை மாற்றுவதுதான் முதல் மருந்து.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அண்ணன் திரையில் எட்டிப் பார்த்து, "உனக்கும் ஒண்ணு வாங்கி அனுப்பவா? லோட் ஷெட்டிங்ல உபயோகப்படும்" என்றார். அதுதான் படாது. எரிவது கேஸ் என்றாலும், பற்றவைப்பது முதல் ஊதுவது வரை எல்லாமே மின்சாரம். கரண்ட் போனால் ஃபர்னஸும் போச்சு.

இன்னொரு சிக்கல் உயரம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடலோர டர்பன் நகரில் இருந்து வரும் மாமி ஒவ்வொரு தடவையும் "உங்க ஊர்ல பருப்பு வேகவே மாட்டேங்குது" என்பது வெறும் குறை அல்ல. காற்று மெலிந்திருப்பதால் பர்னருக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. உயரமான இடத்தில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 4 சதவீதம் கேஸைக் குறை என்பது வட அமெரிக்காவில் பின்பற்றும் ஒரு பழைய விதி. கல்கரியிலேயே, 1,045 மீட்டரில், அந்தக் கணக்கு பார்க்க வேண்டியிருக்கும். இங்கே ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைக்க வேண்டும், அதற்கு பர்னர் துளைகளை மாற்ற வேண்டும். அப்புறம், டக்ட் போட இந்த வீட்டில் இடம் எங்கே?

அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு மூன்று பேனல் ஹீட்டரும், ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்த ஜன்னலும் இருக்கின்றன.