பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்பிரிங் வாங்கும் முன் அளவெடுங்கள்

"இருப்பதிலேயே ஹார்டான ஷாக்கும் ஸ்பிரிங்கும் போடுங்கள், வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிக்கட்டும்." பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆசையாக வைத்திருப்பவர்கள் பலர் என்னிடம் முதலில் சொல்வது இதுதான். எனக்கு வேலையே சஸ்பென்ஷன்தான். தேய்ந்துபோன வண்டிகளைவிட, இப்படி ஹார்டாக்கிக் கெடுத்த வண்டிகளைச் சரிசெய்யத்தான் எனக்கு அதிக நேரம் போயிருக்கிறது.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் அமுங்கி எழுந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் ஆயிலைச் சின்ன வால்வுகள் வழியாகப் பிழிந்து, அந்த ஆட்டத்தின் சக்தியைச் சூடாக மாற்றி வெளியே விடுகிறது. வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள். மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் இரண்டு மூன்று முறை தொட்டில் போல ஆடினால் ஷாக்கைப் பாருங்கள்.

"ஸ்பிரிங் பழசாகி சாஃப்ட் ஆகிவிட்டது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது சரியில்லை. பழைய ஸ்பிரிங்கின் உயரம் குறையும், ஆனால் அதன் விறைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, எஃகின் தன்மை இவைதான் விறைப்பைத் தீர்மானிக்கின்றன. வயதானால் இவை மாறுவதில்லை. வண்டி தாழ்ந்துவிட்டதே என்று ஒரு படி ஹார்டான ஸ்பிரிங் வாங்கினால், இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்ட கதைதான். பழைய விறைப்பில், சரியான உயரத்தில் புது ஸ்பிரிங் போட்டாலே போதும்.

கம்பியின் தடிமனில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் (தடிமனை நான்கு முறை பெருக்கிய கணக்கில்) ஏறும். மற்ற அளவுகள் ஒன்றாக இருந்து, 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 மி.மீ. கம்பி வந்தால் விறைப்பு சுமார் 38 சதவீதம் கூடிவிடும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், வெர்னியர் அளவுகோல் வைத்தால்தான் வித்தியாசம் பிடிபடும். ஒரு சுற்றை அறுத்து வண்டியைத் தாழ்த்துகிற வேலையும் அப்படித்தான். வேலை செய்யும் சுற்று எட்டு இருந்து ஒன்றை வெட்டினால் விறைப்பு 14 சதவீதம் ஏறும், வெட்டிய முனையும் ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் சரியாக உட்காராது. அதை நான் செய்து தருவதில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். திறந்த மேல்தளம் கொண்ட இரண்டு சீட் வண்டி ஒன்று வந்தது. வேறொரு இடத்தில் தாழ்வான ஸ்பிரிங் போட்டிருந்தார்கள். "சின்ன மேட்டுக்கே உதைக்கிறது சார், இன்னும் நல்ல ஷாக் போடுங்கள்" என்றார் உரிமையாளர். ஷாக்குக்குள் போய்வரும் ராடில் ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டி, ஷாக்கின் உடம்போடு ஒட்டினாற்போல் நிறுத்தி, ஒரு கிலோமீட்டர் ஓட்டி வந்தோம். டை நேராக பம்ப் ஸ்டாப் (சக்கரம் முழுதாக மேலேறும்போது இடியைத் தாங்கும் ரப்பர்) வரைக்கும் தள்ளப்பட்டிருந்தது. அந்த ரப்பரின் முகம் அடிபட்டு அடிபட்டுப் பளபளவென்று இருந்தது. வண்டி சும்மா நிற்கும்போதே அமுங்குவதற்கு ஒரு விரல் அளவு இடம்தான் பாக்கி. உதைத்தது ஷாக்கே இல்லை, ரப்பர். பழைய உயரத்துக்கு ஸ்பிரிங்கை மாற்றினோம், ஷாக்கைத் தொடவே இல்லை. உதை நின்றது.

சாஃப்ட் ஸ்பிரிங்கோடு திருப்பத்தில் அருமையாகப் போக முடியும் என்பதற்கு 1962-இல் வந்த லோட்டஸ் எலான் ஒன்றே போதும். மென்மையான ஸ்பிரிங், அதை ஒழுங்காக அடக்கும் ஷாக், சக்கரம் ஏறி இறங்கத் தாராளமான இடம். அந்தக் காலத்துத் திறந்த வண்டிகளின் உடம்பே கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும். அதன் மேல் ரேஸ் ஸ்பிரிங் போட்டால் ஸ்பிரிங்குக்குப் பதிலாக பாடிதான் வளையும். கதவு இடைவெளி மாறும், கண்ணாடியில் விரிசல் விழும்.

வாங்கும் முன் மாடல் பெயர் மட்டும் சொன்னால் போதாது, ஆண்டும் வேண்டும். எம்ஜிபி வண்டி 1974-இல் ரப்பர் பம்பருக்கு மாறியபோது சுமார் ஒன்றரை அங்குலம் உயர்த்தப்பட்டது. ஆண்டு தெரியாமல் ஸ்பிரிங் வாங்கினால் மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் நிற்கும். அதே வண்டியின் முன்பக்க லீவர் ஷாக்தான் (நெம்புகோல் கை வைத்த பழைய வகை ஷாக்) சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கையாகவும் வேலை செய்கிறது. அது தேய்ந்தால் சக்கரத்தின் கோணமும் கெடும். ஜாகுவார் இ-டைப்பில் பின்னால் மட்டும் நான்கு ஷாக், இரண்டு மட்டும் மாற்றுவது வீண். போர்ஷே 911-இல் 1989-இல் 964 என்ற தலைமுறை வரும்வரை சுருள் ஸ்பிரிங்கே கிடையாது, முறுக்கிக்கொடுத்து ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பியான டார்ஷன் பார்தான்.

ஷாக்கில் ட்வின் ட்யூபா (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்), கேஸ் நிரப்பிய மோனோ ட்யூபா (ஒரே குழாய்) என்றும் கேட்பார்கள். மோனோ ட்யூப் சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் உள்ளே இருக்கும் அழுத்தம் ராடை எப்போதும் வெளியே தள்ளும். 11 மி.மீ. ராடு, 25 பார் அழுத்தம் என்றால் ஒரு ஷாக் சுமார் 24 கிலோ எடையளவுக்குத் தள்ளும். இலகுவான வண்டி அதிலேயே கொஞ்சம் எழும்பிவிடும், அதையும் ஸ்பிரிங் கணக்கில் சேர்க்க வேண்டும். அட்ஜஸ்ட் செய்கிற ஷாக் வாங்கினால் மிக மென்மையான நிலையில் தொடங்கி, ஆட்டம் அடங்கும்வரை மட்டும் ஏற்றுங்கள். படுக்கவைத்திருந்த ட்வின் ட்யூபை மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக அமுக்கி இழுங்கள். உள்குழாய்க்குள் புகுந்த காற்று அங்கிருந்து வெளியேறும்.

அப்புறம் ரப்பர் புஷ், அதாவது சஸ்பென்ஷன் கைகள் அசையும் மூட்டில் இருக்கும் ரப்பர் உறை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுதாக இறுக்குவது நான் அடிக்கடி பார்க்கிற தவறு. இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். வண்டி தப்பான உயரத்தில் நிற்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். வண்டி தரையில் நின்று, எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும்.

சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். இப்படி அளந்தால் டயர் காற்று கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறாது. புது ஸ்பிரிங் போட்டதும் ஒரு முறை, சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்த பிறகு இன்னொரு முறை அளங்கள். வீல் அலைன்மென்ட்டை அந்த இரண்டாவது அளவுக்குப் பிறகு செய்யுங்கள், ஹெட்லைட்டின் உயரத்தையும் அப்போதே சரிபார்த்துவிடலாம்.