வீக்கம் இருக்கிறது, அழற்சி இல்லை

திருத்தணியில் நான் பார்க்கும் குழந்தைகளில் பாதிப் பேர் நகரி, புத்தூர் பக்கம். விசைத்தறிக் குடும்பங்கள், வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. அப்படி வந்தவள்தான் இந்த எட்டு வயதுப் பாப்பா. காதுகுத்துக்குப் போட்ட மோதிரம் விரல் கணுவைத் தாண்டி வராமல் அறுத்தெடுத்தார்களாம். தொடக்கம் அதுதான். புத்தூர் கட்டுக்குப் போனபோது, "இது முறிவு இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வேறொரு இடத்தில் குழந்தைகளுக்கு வரும் முடக்குவாதம் என்று சொல்லி இரண்டு வருடம் ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்ஸேட்டும். முகம் உப்பியதுதான் மிச்சம்.

கணுக்களைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை, நீர் கோத்த மெதுமெதுப்பில்லை. கல் போல எலும்பு. அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகள், ஃபைலில் இருந்த ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எல்லாமே சரியான அளவில். இது மட்டும் போதாது. முடக்குவாதம் உள்ள சில குழந்தைகளுக்கும் ரத்தம் சரியாகவே இருக்கும். வலி விரலிலும் இடுப்பிலும் என்பதால் முதுகை யாரும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. எடுத்தோம். முதுகெலும்புகள் தட்டையாக அமுங்கியிருந்தன. இது அழற்சி செய்கிற வேலை இல்லை.

முடக்குவாதம் போலத் தோன்றும் பரம்பரைக் குருத்தெலும்பு நோய் இது; பெயர் புரோகிரஸிவ் சூடோருமடாய்டு டிஸ்பிளேசியா. மரபணுச் சோதனை உறுதி செய்தது. பிழை இருந்த மரபணு, ஆறாவது குரோமோசோமில் இருக்கும் சி.சி.என்.6, பழைய பெயர் விஸ்ப்3. இந்த நோய்க்கு அதுதான் காரணம் என்று 1999இல் கண்டுபிடித்தார்கள். குருத்தெலும்பு செல்கள், குருத்தெலும்பைக் கட்டும் பொருட்களான கொலாஜனையும் அக்ரிகானையும் ஒழுங்காகத் தயாரிக்க இந்த மரபணுவின் புரதம் துணை நிற்கிறது. அது இல்லாவிட்டால் பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் குருத்தெலும்பு நலியத் தொடங்கும், கணுக்கள் தடிக்கும், குழந்தை தாங்கித் தாங்கி நடக்கும். தணிக்க அழற்சியே இல்லாத இடத்தில் ஸ்டீராய்டு என்ன செய்யும்? ஏற்கெனவே குட்டையாகப் போகிற பிள்ளையின் வளர்ச்சியை இன்னும் குறைக்கும், எலும்பை மெலிய வைக்கும். அதற்காக நீங்களாகவே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நாங்களும் அப்படித்தான் குறைத்தோம்.

குணமாக்கும் மருந்து கிடையாது. பிசியோதெரபி, எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது, வலிக்கும்போது மாத்திரை. இளவயதிலேயே இடுப்பு மூட்டு மாற்ற வேண்டிவரலாம்.

"சொந்தத்துல கட்டுனீங்களா?" என்றேன். "அக்கா பொண்ணுதான் சார்" என்றார் அப்பா, தலையைக் குனிந்து. குனிய வேண்டியதில்லை. இந்த மரபணுவின் குறையுள்ள பிரதி அம்மாவிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று இருந்து, இரண்டும் ஒரே குழந்தைக்குப் போனால்தான் நோய். ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்நியத்தில் கட்டினாலும் நேரலாம். சொந்தத்தில், அதிலும் மாமன் கட்டும்போது, ஒரே பிரதி இருவரிடமும் இருப்பது சுலபம்.

அதுவரை பேசாதிருந்த அம்மா கேட்டார்: "பெரியவளை என் தம்பிக்குன்னு பேசி வெச்சிருக்கோம் சார்."

பெரியவளுக்கு நோய் இல்லை. ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, அவளிடம் ஒரு குறைப் பிரதி இருக்க. மாமனிடம் பாதிக்குப் பாதி. எந்தப் பிழை என்று தெரிந்துவிட்டதால் அதை மட்டும் தேடினால் போதும், ஆளுக்கு ஒரு ரத்தச் சோதனை. அவள் வளர்ந்து கல்யாணப் பேச்சு வரும்போது இந்த ரிப்போர்ட்டோடு வரச் சொன்னேன். அம்மா அதை நாலாக மடித்து, ரேஷன் கார்டு இருந்த பையில் வைத்துக்கொண்டார்.