தகரத்துக்குப் பயந்து மறைத்த காய்ச்சல்

2021 மே மாதம். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் ஒரு ஊரில் கொரோனாவுக்காகக் காய்ச்சல் முகாம் போட்டிருந்தோம். வரிசையில் நின்ற ஒரு அக்கா, முன்னால் நின்றவருக்கு மூக்கில் சளி எடுப்பதைப் பார்த்ததும் விலகிப் போய்விட்டார். சாயங்காலம் கிராம சுகாதார செவிலியரோடு அவர் வீட்டுக்குப் போனேன். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். இருமிக்கொண்டே பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 89.

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"வாசல்ல தகரத்தை அடிச்சிட்டாவன்னா பீடிக்கடையில இலை, தூளு தரமாட்டாவ டாக்டரம்மா. பதினாலு நாளு பிள்ளையளுக்கு என்னத்தப் போடுவேன்?"

என்னிடம் பதில் இல்லை. 2020-லிருந்து தொற்று கண்ட வீட்டு வாசலில் தகரம் அடித்தோம், ஸ்டிக்கர் ஒட்டினோம், தெருவையே அடைத்தோம். பரவலைத் தடுக்கத்தான் செய்தோம். ஆனால் அன்றாடம் சுற்றினால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டில், அந்தத் தகரம் கூலியையும் சேர்த்து அடைத்துவிட்டது. மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2020 ஏப்ரலில் ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாய், அடுத்த ஆண்டு இரண்டு தவணையாக 4,000 ரூபாய், கூடவே 14 வகை மளிகைச் சாமான். எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோல வந்தவை இவை. அடைத்த வீட்டுக்கென்று, அடைத்த அன்றே அரிசியும் கூலியும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் அது தெருக்காரர்களின் நல்ல மனசை நம்பித்தான் இருந்தது.

நம் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலிருந்து அப்போது திரவ ஆக்சிஜன் போனது. பெரிய காரியம். ஆனால் மூச்சு முட்டிய பிறகு வந்தவர்களை, ஆக்சிஜன் இருந்தும் இழந்திருக்கிறோம். இந்த நோயில் அளவு குறைவது பலருக்குத் தெரிவதே இல்லை. பேசுவார், வேலை செய்வார். 94-க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

தொற்றாளரைப் பிரித்து வைக்க நம் மாநிலத்தில் 1939-ஆம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டத்திலேயே அதிகாரம் உண்டு. பிரித்து வைக்கும் நாட்களுக்குக் கூலி யார் தருவது என்பதையும் அடுத்த கொள்ளைநோய்க்கு முன்பே ஆணையாக எழுதிவைக்க வேண்டும்.

அன்று அந்த அக்காவை ஆம்புலன்ஸில் ஏற வைத்தது நானல்ல, செவிலியர்தான். "பீடி பாஸ்புக்குல உங்க பேர வெட்டாம கடையில நான் பேசிக்கிடுதேன், அரிசிக்கும் நான் பொறுப்பு" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.