நீலகிரி கூடலூரில் கடை போடும் முன் பட்டாவைப் பாருங்கள்

அடுப்பு வாங்கியாயிற்று, கடைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, அதற்குப் பிறகுதான் கடன் கோப்புகளைப் பார்க்கும் எங்களிடம் கோப்பு வருகிறது. இடம்? ஜென்ம நிலம், அதாவது பழைய பரம்பரை நிலவுடைமையில் இருந்த நிலம். பட்டா? இல்லை. வங்கி கோப்பைத் திருப்பிவிடும். ஊரும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும்: "மலைக்காரனுக்குத் துணிச்சல் பத்தாது." இதையே திரும்பத் திரும்பக் கேட்டு அலுத்துவிட்டது.

துணிச்சல் ரத்தத்தில் இருக்கிறதாம். படித்தவர்கள் இதற்கு, நாடுகளின் பண்பாட்டை எண்ணால் ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வாளர் ஹோஃப்ஸ்டெடின் எண்களையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். ஐபிஎம் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கணக்கெடுப்பிலிருந்து பிறந்தவை அவை. நிச்சயமில்லாததைத் தவிர்க்கும் போக்கில் சிங்கப்பூருக்கு 8, இந்தியாவுக்கு 40, ஜப்பானுக்கு 92, கிரீஸுக்கு 112. எண் கூடக்கூடத் தயக்கம் கூடும். அப்படியானால் கிரீஸில் யாரும் கடையே திறந்திருக்கக் கூடாது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் சுயதொழில் செய்வோர் விகிதம் மிக அதிகமாக உள்ள நாடுகளில் கிரீஸும் ஒன்று. அந்த எண்கள் நாடுகளை ஒப்பிடத்தான், தனி ஆளை அளக்க உதவாது என்று ஹோஃப்ஸ்டெடே எச்சரித்திருக்கிறார். இங்கிருந்து கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போனவர்கள் அங்கே பேக்கரியும் மெஸ்ஸும் நடத்துகிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரத்தம் மாறிவிட்டதா?

பண்பாட்டுக்கும் பங்கு உண்டு. நொடித்துப்போனவரை 'மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்' என்று பேரப்பிள்ளைகள் காலம் வரை சொல்லிக் காட்டுகிறோம். ஆனால் அந்தப் பயத்துக்குச் சட்டமும் தீனி போடுகிறது. அமெரிக்காவில் நொடிப்புச் சட்டத்தின் 7-ஆம் அத்தியாயத்தின் கீழ் மனுப் போட்டவருக்குப் பெரும்பாலான கடன்கள் சில மாதங்களில் தள்ளுபடியாகும். இங்கே 2016-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தில் தனி உரிமையாளர்களுக்கான பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம்தான் கதி. கடை விழுந்தால் வீடும் சேர்ந்து போகும்.

கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தது 1969-ல், அமலானது 1974-ல். அதன் பிரிவு 17-ல் சிக்கிய, அதாவது தோட்டக் குத்தகைக்குப் போன, நிலங்களுக்கு இன்றும் பட்டா இல்லை. பட்டா இல்லாவிட்டால் அடமானம் இல்லை, மின் இணைப்பும் இழுபறி. இதில் துணிச்சலுக்கு என்ன வேலை?

ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன்பே தாள்களைப் பாருங்கள். பட்டா, ஏ-பதிவேடு (நில விவரப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றையும் வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் எடுங்கள். 30 வருட வில்லங்கச் சான்று பதிவுத் துறைத் தளத்தில் கிடைக்கும். சர்வே எண் ஒரு இலக்கம் பிசகினால் வேறொருவர் நிலத்தின் சான்றை வைத்து நிம்மதியாக இருப்பீர்கள், இது அடிக்கடி நடக்கிறது. கிராமம் ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் உள்ளதா என்று கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

பட்டா இல்லையா? நிலத்தை விட்டுவிட்டு இயந்திரத்தின் பேரில் கடன் கேளுங்கள். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை, கிஷோர் 5 லட்சம், தருண் 10 லட்சம். எதற்கும் சொத்து ஜாமீன் கிடையாது. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்கும் தளத்தை உடனே மூடுங்கள். அண்ணன், மாமா யார் கேட்டாலும் படிக்காமல் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டுப் பெண்களின் நகையை அடகுக்கடைக்கு எடுத்துப்போகும் முன், தயவுசெய்து இந்தத் தாள்களோடு ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள்.