சமூக ஊடகத்துக்கு 13 வயது என்பது யார் போட்ட கணக்கு?

பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணை அவள் அம்மா அழைத்து வந்திருந்தார். நாலு மாதமாக மாதவிடாய் வரவில்லை. தைராய்டாக இருக்குமோ, நீர்க்கட்டியாக இருக்குமோ என்று பயந்து ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து, தடித்த ஒரு ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். எதிலும் கோளாறு இல்லை. மகப்பேறு மருத்துவர் அந்தப் பெண்ணின் சாப்பாட்டைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு உணவியல் ஆலோசகரான என்னிடம் அனுப்பியிருந்தார்.

அவள் கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 52. எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்டதும் அம்மா கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார்: "ஒன்பது கிலோ குறைச்சிருக்காளுங்க மேடம். யாரும் சொல்லாம அவளே கட்டுப்பாடா இருந்து குறைச்சது."

யாரும் சொல்லாமல் இல்லை. சர்க்கரை நோய் வந்த புதிதில் அம்மா ஒரு வெயிட் லாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்திருக்கிறார். ஒரு மாதத்தில் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. போன் மட்டும் ஆன்லைன் கிளாஸ், ஹோம்வொர்க் என்று மகள் கையிலேயே இருந்தது. அம்மா விட்ட இடத்திலிருந்து மகள் தொடர்ந்திருக்கிறாள், அம்மாவின் நம்பரில், அம்மாவின் பெயரில். தினமும் காலையில் எடையைப் பதிவிடுவாள். "சூப்பர் சிஸ்டர்", "நீங்கதான் எங்களுக்கு இன்ஸ்பிரேஷன்", கைதட்டும் படங்கள். அந்தக் குரூப்பில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், 42 வயதுள்ள, சர்க்கரை உள்ள ஒரு பெண் ஒழுங்காக எடை குறைத்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான். அதற்கேற்ற அறிவுரையைத்தான் கொடுத்தார்கள்: ஒரு நாளைக்கு 1200 கலோரி, 16 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது, அரிசியை நிறுத்துவது. உரையாடல்களை நான் முழுக்கப் படித்துப் பார்த்தேன். கெட்ட எண்ணம் கொண்டவர் என்று ஒருவரைக்கூடச் சொல்ல முடியாது.

(இந்தக் கட்டுரையில் வருகிறவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கோவையில் 16 வருடமாக உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். இணையத்தில் பிள்ளைகளுக்கு ஆபத்து என்றதும் பெற்றோர் மனதில் வருவது முகம் தெரியாத கயவர்கள்தான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் என் அறைக்கு வரும் பிள்ளைகளில் பலர் நல்லவர்களால் பாதிக்கப்பட்டவர்கள். பெரியவர்களுக்குப் பொருந்தும் அறிவுரையை, பெரியவர்களுக்குக் கிடைக்கவேண்டிய பாராட்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டவர்கள். அதனால்தான் வயது வரம்பைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது.

பெரும்பாலான சமூக ஊடகங்களில் 13 வயது ஆனால் கணக்கு தொடங்கலாம். அந்த 13 எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1998ல் இயற்றி 2000ல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்திலிருந்து. 13 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் தகவல்களைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் நிறுவனங்கள் சேகரிக்கக் கூடாது என்பதுதான் அந்தச் சட்டம். 13 வயதில் ஒரு பிள்ளையின் உடம்பு எதற்குத் தயார், மனம் எதற்குத் தயார் என்று மருத்துவர்கள் கூடிப் பேசி முடிவு செய்த எண் அல்ல அது. ஐரோப்பிய ஒன்றியம் 2018ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் 16 என்று வைத்து, நாடுகள் விரும்பினால் 13 வரை குறைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் முக்கியமான சமூக ஊடகங்களில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்கு வைத்திருக்க முடியாதபடி செய்திருக்கிறது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வரை குழந்தை என்றே சொல்கிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முழுமையாக அமலாக இன்னும் காலம் பிடிக்கும்.

இந்த எண்களை மதிக்கிறேன். ஆனால் ஒரு வாட்ஸ்அப் குரூப்பின் வாசலில் எந்தச் சட்டமும் வந்து நிற்பதில்லை, அங்கே நிற்பது அட்மின் மட்டும்தான். நம் வீடுகளில் போனே அம்மாவுடையது என்னும்போது, "உங்கள் வயது என்ன" என்று திரை கேட்கும் கேள்விக்குப் பொருளே இல்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. எடைக் குறைப்புத் தொழிலில் உலகப் பெயர் பெற்ற வெயிட் வாட்சர்ஸ், 2019ல் 8 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்றே குர்போ என்ற செயலியை வெளியிட்டது. உணவுகளைச் சிக்னல் விளக்கு மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துக் காட்டும். எட்டு வயதுக் குழந்தைக்கு! பெற்றோர் அனுமதியைச் சரியாகப் பெறாமல் பிள்ளைகளின் தகவல்களைச் சேகரித்ததற்காக 2022ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் வழக்கில் 15 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள், அந்தத் தகவல்களையும் அழிக்க வேண்டியதாயிற்று. வழக்கில் வெளிவந்த ஒரு விஷயம் இன்னும் என் மனதில் இருக்கிறது. சேரும்போது 13க்கு மேல் என்று குறித்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள், உள்ளே போனபிறகு தங்கள் உண்மையான வயதை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் செயலி அவர்களை உள்ளேயே வைத்திருந்தது. உண்மையைச் சொன்ன பிள்ளையை யாருமே கவனிக்கவில்லை.

சரி, ஒரு பதின்வயதுப் பெண் 1200 கலோரி சாப்பிட்டால் அப்படி என்ன ஆகிவிடும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் கொடுத்த கணக்குப்படி 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2400 கலோரி வேண்டும். 16 முதல் 18 வயதுப் பையனுக்கு 3300ஐத் தாண்டும். அந்தப் பையனின் அப்பாவுக்கே அவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம். என்னிடம் வந்த பெண் தனக்குத் தேவையானதில் பாதியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வருவது பாதியாகும்போது மூளை செலவைக் குறைக்கப் பார்க்கும். உயிர் வாழ அவசரமாகத் தேவைப்படாத வேலைகளை நிறுத்தும். அதில் முதல் வரிசையில் இருப்பது மாதவிடாய். கருமுட்டைப் பைக்குப் போகவேண்டிய சமிக்ஞை மூளையிலேயே அடங்கிவிடும், அதனால்தான் ஸ்கேனில் எல்லாம் நன்றாகத் தெரியும். இதயத்துடிப்பு குறையும், கை கால் குளிரும், முடி கொட்டும். வெளியே தெரியாத இன்னொன்று எலும்பு. பெண்களின் எலும்பு வலிமையில் சுமார் 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்தச் சில வருடங்களில், கருமுட்டைப் பையில் சுரந்து எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்தால் ஏற்படும் நஷ்டத்தைப் பின்னால் முழுதாக ஈடுகட்டுவது கடினம். ஏற்கெனவே நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்த உடம்பிலிருந்துதான் இன்னும் குறைக்கச் சொல்கிறோம்.

இன்னொன்று. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்க குரூப்களில் சுற்றும் பி.எம்.ஐ. அட்டவணை வளர்ந்தவர்களுக்கானது. பிள்ளைகளுக்கு வயதும் பாலினமும் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015ல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள் 5 முதல் 18 வயது வரை அதற்காகவே இருக்கின்றன. இந்தப் பெண் எடை குறைக்கத் தொடங்கியபோது அவள் எடை வயதுக்குச் சரியான எடைதான்.

பையன்கள் கதை வேறு திசையில் போகிறது. அவர்கள் தேடிப்போவது "பாடி" ஏற்றும் குரூப்களை. ஒரு நாளைக்கு எத்தனை ஸ்கூப் வே புரோட்டீன் என்ற பால் புரதத் தூள், தசைக்கு வலு சேர்க்க எடுக்கும் கிரியாட்டின் எவ்வளவு, அப்புறம் மெதுவாக "சைக்கிள் போடுவது" பற்றிய பேச்சு. சைக்கிள் என்றால் ஸ்டீராய்டு ஊசி. வளர்ந்துகொண்டிருக்கும் பையனுக்கு அது எலும்பின் வளர்ச்சித் தட்டுகளைச் சீக்கிரமே மூடிவிடும், உயரம் அங்கேயே நின்றுவிடும். 16 முதல் 18 வயதுப் பையனுக்கு ஐ.சி.எம்.ஆர். சொல்லும் புரதம் ஒரு நாளைக்குச் சுமார் 55 கிராம்தான். முட்டை, பருப்பு, தயிர், கொண்டைக்கடலை, வாரத்தில் சில நாள் மீனோ கோழியோ இருந்தால் வீட்டுச் சாப்பாட்டிலேயே வந்துவிடும். 120 கிராம் எடுத்தால்தான் ஆண்பிள்ளை என்று அந்தக் குரூப்பில் அண்ணன்கள் சொல்லும்போது, நான் சொல்லும் 55 அவன் காதில் ஏறுவதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாக் குரூப்பையும் மூடிவிடலாம் என்று யாராவது நினைத்தால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 14 வயதில் டைப் 1 சர்க்கரை நோய், அதாவது தினமும் இன்சுலின் எடுத்தே தீரவேண்டிய வகை, வந்த ஒரு பையனைத் தெரியும். பள்ளியில் கழிவறைக்குள் ஒளிந்துகொண்டு இன்சுலின் போட்டுக்கொள்வான். மதியச் சாப்பாட்டுக்கு ஊசி போடாமலே விட்டுவிட்ட நாட்களும் உண்டு. நான் பேசினேன், மருத்துவர் பேசினார், அப்பா திட்டினார். எதற்கும் மசியவில்லை. பிறகு டைப் 1 பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சேர்த்து நடத்தும் ஓர் ஆதரவுக் குழுவில் சேர்ந்தான். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பிலேயே, பெஞ்சில் உட்கார்ந்தபடி ஊசி போட்டுக்கொள்வதாகச் சொன்னதைக் கேட்டான். அடுத்த மாதம் அவனும் வகுப்பிலேயே போட ஆரம்பித்துவிட்டான். எங்கள் யாராலும் கொடுக்க முடியாத ஒன்றை அவன் வயதுப் பையன் கொடுத்தான்.

அந்தக் குழு எப்படி இயங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெற்றோரும் கூடவே இருக்கிறார்கள். ஒரு செவிலியர் தினமும் ஒரு முறையாவது பார்க்கிறார். பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது. உடம்பின் படம் கிடையாது, எடை கிடையாது.

ஆகவே என் நிலைப்பாடு இது. எடை குறைப்பதற்கென்றே இருக்கும் குரூப் என்றால் 18 வயது, விதிவிலக்கே வேண்டாம். பிள்ளைக்கு உண்மையாகவே எடை அதிகம் என்றாலும் அதற்கு இடம் மருத்துவரின் அறை. உலகம் முழுக்கப் பயன்படும் கலோரிக் கணக்குச் செயலியான மைஃபிட்னஸ்பேல்கூட 18 என்றுதான் வைத்திருக்கிறது. நோயோடு வாழும் பிள்ளைகளுக்கான குழு என்றால் 13 முதல் 17 வரை கட்டாயம் இடம் வேண்டும், பெற்றோரோடு. ஓட்டம், சைக்கிள், நீச்சல் குரூப்கள் என்றால், நேரில் தெரிந்த பயிற்சியாளர் ஒருவர் அதில் இருக்கிறாரா என்று பார்த்துச் சேர்த்துவிடுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள். ஓடும் வழியை வரைபடத்தோடு பகிரும் செயலிகள் வீடு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டிவிடும், அந்த அமைப்பை முதலில் மாற்றுங்கள்.

அட்மின்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக ஒருவர் சேரும்போது இரண்டு நிமிடம் போனில் பேசுங்கள். குரலே பாதி சொல்லிவிடும். பள்ளி, டியூஷன், பரீட்சை, "அம்மாவுக்குத் தெரியாம" என்ற பேச்சு வந்தால் நின்று கேளுங்கள். ஒரு பிள்ளை என்று தெரிந்ததும் சட்டென்று நீக்கிவிடாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என்னிடம் வருகிறவர்களுக்காக நடத்திய குரூப்பில் ஒருவன் 16 வயது என்று தெரிந்த அன்றே, ஒரு வார்த்தை பேசாமல் நீக்கினேன். விதியைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து அவன் அப்பா போன் செய்தார். பையன் வேறொரு குரூப்புக்குப் போய், அங்கே யாரோ சொன்ன கொழுப்பு கரைக்கும் மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டு, படபடப்போடு மருத்துவமனையில் இருந்தான். நல்லபடியாக வீடு திரும்பினான். அன்று நான் அவனுக்குப் போன் செய்து, பெற்றோரிடம் பேசி, கையோடு வேறு ஓர் இடம் காட்டியிருக்கவேண்டும்.

பெற்றோருக்கு: போனைப் பிடுங்குவதால் குரூப் போகும், அந்த எண்ணம் போகாது. சாப்பாட்டு நேரத்தில் "பசிக்கல, ஃப்ரெண்டு வீட்டுல சாப்பிட்டேன்" என்பது அடிக்கடி வருகிறதா, தட்டில் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறார்களா, ஒரு நாளில் பலமுறை எடை பார்க்கிறார்களா, சாப்பிட்ட உடனே பாத்ரூம் போகிறார்களா என்று கவனியுங்கள். வீட்டில் யார் எடையைப் பற்றியும் கிண்டல் வேண்டாம், உங்கள் எடையைப் பற்றி நீங்களே கூட. எடைப் பேச்சைத் தவிர்த்து, குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவதைக் கூட்டச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016லேயே அறிவுறுத்தியிருக்கிறது. மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் நின்றால், மயக்கம் வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மனம் பற்றிப் பேச அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு மாதவிடாய் திரும்ப ஏழு மாதம் ஆனது. மனநல ஆலோசகரும் கூட இருந்தார். இட்லி இரண்டிலிருந்து மூன்றாக ஆவதற்கே ஐந்து வாரம் பிடித்தது. நடுவில் ஒரு நாள் அம்மா அந்தக் குரூப்பில் குரல் பதிவு ஒன்று போட்டார்: "இத்தன நாளா உங்ககூடப் பேசிட்டிருந்தது நான் இல்லைங்க. என் பொண்ணுங்க, வயசு பதினஞ்சு." அன்று மாலையே ஒரு பெண் அவருக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். தினமும் முதலில் கைதட்டியவர் அவர்தான். பள்ளி ஆசிரியை.

அந்தக் குரூப்பில் இப்போது யார் சேர்ந்தாலும் முதலில் அந்த டீச்சர்தான் போன் செய்து பேசுகிறார்.