வாலியின் சாம்பலா, மாட்டுப்பட்டியா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “ஹம்பிக்குப் பக்கத்தில் நிம்பாபுரத்தில் ஒரு சாம்பல் மேட்டைக் காட்டி, வாலியைத் தகனம் செய்த இடம் என்றார்கள். உண்மையில் அது என்ன?”

எரிந்துபோன மாட்டுச்சாணம், அம்மா. பல்லாரி, ராய்ச்சூர் வட்டாரம் முதல் தெலங்கானா, ஆந்திரம் வரை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மேடுகள் உண்டு. எல்லாம் புதிய கற்கால மக்கள் விட்டுச்சென்றவை. தெலங்கானாவின் உட்னூரில் 1957-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்சின் தோண்டியபோது வேலிக் கம்பங்கள் நட்ட குழிகளும் மாட்டுக் குளம்புத் தடங்களும் வெளிப்பட்டன. வேலியடைத்த பட்டி, அதில் குவிந்த சாணத்துக்குத் தீ, அதன்மேல் மறுபடி பட்டி. மேடு இப்படித்தான் வளர்ந்தது.

ஆனால் வீட்டில் வறட்டி எரித்தால் பொடிச்சாம்பல்தானே மிஞ்சுகிறது? இந்த மேடுகளிலோ கண்ணாடிபோல் உருகி இறுகிய கட்டிகள் கிடைக்கின்றன. எரிமலைக் கசடோ என்றுகூட ஒரு காலத்தில் ஐயப்பட்டார்கள். விடை புல்லுக்குள் இருக்கிறது. புல் வேர்வழியாக நீரை உறிஞ்சும்போது அதில் கரைந்த சிலிக்காவையும் (மணலின் முக்கியப் பொருள்) சேர்த்தே உறிஞ்சுகிறது. நீர் இலைவழியே ஆவியாகிவிட, சிலிக்கா செல்களில் தங்கி நுண்ணிய துகள்களாக இறுகுகிறது. மாட்டின் வயிற்றால் அவற்றைச் செரிக்க முடியாது; அப்படியே சாணத்தில் வந்துவிடும். தூய சிலிக்கா உருக ஏறக்குறைய 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். எந்தச் சாணத் தீயும் அதை எட்டாது. ஆனால் அதே புல்லில் காரம் தரும் பொட்டாசியமும் இருக்கிறது! அது கலந்தால் 1,000 டிகிரிக்குக் கீழேயே சிலிக்கா இளகத் தொடங்கும். பெரிய குவியல் உள்ளுக்குள் நெடுநேரம் கனன்றால் அந்த வெப்பம் கிடைத்துவிடும். கண்ணாடிக்கு வேண்டிய மணலையும் காரத்தையும் ஒரு புல்லே சுமந்து நிற்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

வாலி கதை ஊருக்குச் சொந்தம், அது இருக்கட்டும். ஆனால் கதையை வரலாற்றுச் சான்றாக்கி அறிவிப்புப் பலகையில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். நம் பல்கலைக்கழகங்களில் இந்தத் துகள்களை ஆராயும் கூடங்களுக்கு இன்னும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும்.

இதற்கிடையே மேடுகள் அழிகின்றன. பல்லாரிக்குப் பக்கத்துக் குடதினியில் சாலையே மேட்டை வெட்டிக்கொண்டு போகிறது. வேறு இடங்களில் சாம்பல் மண்ணை உரத்துக்காக அள்ளுகிறார்கள். 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம், 2010 திருத்தத்துக்குப் பின், 100 மீட்டர் தூரத்துக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. ஆனால் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு மட்டும். மீதி மேடுகளையாவது சர்வே எண்ணோடு வருவாய்த்துறை வரைபடத்தில் குறித்து, மண் அள்ள அனுமதி தரும் அலுவலகங்களுக்கு அந்தப் பட்டியலைக் கொடுக்க வேண்டும்.